மூன்றாம் நாள் எக்ஸ்ரே நார்மல் என்றால்...

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. கொரோனா பாசிட்டிவ். மூன்றாம் நாள் எடுத்த மார்பு எக்ஸ்ரே நார்மல். இன்று ஏழாம் நாள், இருமல் அதிகமாகிறது. திரும்ப எடுக்க வேண்டுமா?

பதில்: எடுப்பது நல்லது. முதல் சில நாட்களில் படம் சுத்தமாகவே இருக்கலாம். நுரையீரல் பாதிப்பைக் காட்டும் நிழல்கள் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் அறிகுறி தொடங்கி 10-12ஆம் நாள் வாக்கில்தான். இரண்டு நுரையீரலிலும், ஓரங்களிலும் கீழ்ப்பகுதியிலும், கண்ணாடியில் மூச்சு படிந்ததுபோல மங்கலாகத் தெரியும். ஒரே பக்கத்தில் நுரையீரலின் ஒரு மடல் (ஒரு பிரிவு) முழுக்க அடர்வெள்ளையாக இருந்தாலோ, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தாலோ பாக்டீரியா நிமோனியாவையும் யோசிப்பார்கள்.

படம் எடுக்கும்போது அம்மா மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்த வேண்டும். அரைகுறையாக இழுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி, இல்லாத நிமோனியா இருப்பதுபோலத் தெரியும். படுக்கையில் வைத்து எடுத்தால் இதயமும் பெரிதாகத் தெரியும். முடிந்தால் நிற்க வைத்தே எடுக்கச் சொல்லுங்கள்.

படத்தைவிட அவசரமானது ஆக்சிஜன் அளவு. நகப்பூச்சை அழித்துவிட்டு, விரலைச் சூடாக்கி, பல்ஸ் ஆக்சிமீட்டரை (விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) மாட்டி ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.