முப்பதுகளில் உடை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முப்பதைத் தாண்டிய தோழிகள் உடை பற்றிக் கேட்டிருந்தவற்றுக்கு இன்று பதில் எழுதுகிறேன். பதினாறு வருடமாகப் பெண்களுக்குத் தைத்துக் கொடுப்பதும், கடையில் வாங்கியதைப் பிரித்துத் திருத்திக் கொடுப்பதும்தான் என் தொழில். அதனால் என் பேச்சு அளவு, துணி, தையல் பக்கமே சாயும். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. இந்த வயதில் எதைப் போடலாம், எதை விட்டுவிட வேண்டும்? ஒரு பட்டியல் கொடுங்கள் அக்கா.

பட்டியல் தர எனக்கு மனம் வரவில்லை. வயதைக் காட்டி ஒரு உடையை ஒதுக்குவதில் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது. 1926 அக்டோபரில் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலின் எளிமையான கறுப்பு உடை வோக் என்ற ஃபேஷன் இதழில் ஓவியமாக வந்தது. அப்போது அவருக்கு வயது 43. அதுவரை கறுப்பைத் துக்கத்தோடு சேர்த்தே பார்த்தவர்கள் உண்டு. இன்று கறுப்பு உடை இல்லாத அலமாரியே அபூர்வம்.

முப்பதுகளில் மாறுவது உடம்பும் நம் அன்றாடமும்தான். இருபதில் வாங்கிய அளவு இப்போது பொருந்தாது. அன்று கல்லூரிக்குப் போனவர் இன்று கூட்டம் நடத்துகிறார், அல்லது ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறார். ஆனால் உடையை மட்டும் பழைய கணக்கிலேயே வாங்குகிறோம். பொருந்தாத உடைதான் நம்மை வயதானவராகக் காட்டுகிறது.

கேள்வி: குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. பழைய உடை எதுவும் ஏறவில்லை. எடை குறையும் வரை காத்திருக்கவா, இப்போதே வாங்கவா? கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.

இப்போதே வாங்குங்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகிறது. ஒரு உயிரைச் சுமந்து பெற்ற உடம்பு அது. ‘குறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று அதைக் கிழிந்த நைட்டியில் உட்கார வைப்பது நியாயமே இல்லை.

முதலில் உள்ளாடை. பலரும் மேலாடையில் தொடங்கி ஏமாந்து போகிறார்கள். கர்ப்பமும் தாய்ப்பாலும் மார்பளவை நன்றாக மாற்றிவிடும்; பழைய பிரா எண்ணை மறந்துவிடுங்கள். மார்புக்குக் கீழே சுற்றளவையும், மார்பின் எடுப்பான இடத்தில் சுற்றளவையும் புதிதாக அளந்து பாருங்கள். பிராவில் பெரும்பகுதித் தாங்குதலைக் கொடுப்பது தோள்பட்டி இல்லை, சுற்றுப்பட்டிதான். பின்பக்கம் அது மேலே ஏறி நின்றால் சுற்றுப்பட்டி உங்களுக்குப் பெரிது என்று அர்த்தம். தோளில் பள்ளம் விழுந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுற்றுப்பட்டியைத்தான். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில், சரியாக இருக்க வேண்டும். துவைத்துத் துவைத்து எலாஸ்டிக் தளரும்போது உள் கொக்கிகளுக்கு வரலாம். சரியான பிராவை மாட்டிவிட்டுப் பழைய குர்த்தாவைப் போட்டுப் பார்த்தவர்கள், ‘இதைத் தைக்கவே வேண்டாம் போல இருக்கிறதே’ என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம், இன்றைய உடம்புக்குப் பொருந்துகிற இரண்டு பேன்ட், நான்கு மேலாடை போதும். பால் கொடுப்பதாக இருந்தால் முன்பக்கம் பட்டன் வைத்ததோ, ஒரு பக்கத்தின் மேல் மறுபக்கம் சுற்றிக் கட்டுகிற ராப் வகையோ பாருங்கள். ராப் உடை ஒன்றும் புதிது இல்லை. உடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் 1974-இல் கொண்டுவந்த ராப் உடை இன்றும் விற்கிறது. அளவு ஏறினாலும் இறங்கினாலும் முடிச்சை நகர்த்திக் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. உங்களைப் போன்ற நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

செருப்பையும் பாருங்கள். கர்ப்பத்துக்குப் பிறகு சிலருக்குப் பாதம் நீண்டோ அகன்றோ அப்படியே நின்றுவிடும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அளந்து வாங்கினால் கடிக்காது.

பழைய உடைகளை ஒரு பெட்டியில் போட்டுக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். தினமும் அலமாரியைத் திறக்கும்போது அவை உங்களைக் குற்றம் சொல்லக் கூடாது.

கேள்வி: கடையில் போட்டுப் பார்க்கும்போது நன்றாக இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் ஏதோ சரியில்லை. அளவு சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் எம், இன்னொன்றின் எல். போட்டுப் பார்க்கும்போது நேராக நின்று வயிற்றை எக்கிக்கொண்டு பார்க்கிறோம். வீட்டில் அப்படி இருக்க முடியாதே. அங்கேயே உட்காருங்கள், குனியுங்கள், இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். பட்டனுக்கு நடுவே வாய் பிளந்தாலோ, தொடையில் குறுக்கே கோடு விழுந்தாலோ வேண்டாம்.

நான் முதலில் பார்ப்பது தோளை. கை இணைகிற தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். தொங்கு தோள் வைத்தே வடிவமைத்த உடையென்றால் வேறு விஷயம். தோளைத் திருத்துவது எங்களுக்கே சிரமமான வேலை. கையைப் பிரித்து, கைக்குழியை மறுபடி வெட்டி, திரும்பப் பொருத்த வேண்டும். லைனிங், அதாவது உள்துணி, வைத்த பிளேசர் கோட் என்றால் இன்னும் மோசம். கூலி கொடுத்தும் பல சமயம் ஒழுங்காக வராது. ஆகவே தோளும் மார்பும் பொருந்துகிற அளவை வாங்குங்கள். இடுப்பைப் பிடிப்பது, உயரத்தைக் குறைப்பது, கையைக் கட்டை ஆக்குவது எல்லாம் சின்ன வேலை.

இறுக்கமான உடையைத் தளர்த்தித் தர முடியுமா என்பது உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உடையைத் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக், அதாவது பிசிறு வராமல் ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல், போட்டு ஒட்ட வெட்டியிருந்தால் கடவுளே வந்தாலும் பெரிதாக்க முடியாது.

பேன்ட் உயரம் குறைக்கக் கொடுக்கும்போது, அதோடு போடப்போகிற செருப்பைக் கட்டாயம் கொண்டுபோங்கள். இதை மறந்துவிட்டுப் பிறகு வருத்தப்படுபவர்கள்தான் அதிகம்.

கேள்வி: 37 வயதில் முட்டிக்கு மேலே பாவாடை போடலாமா?

போடலாம். உட்காரும்போது இழுத்து இழுத்து விட வேண்டியிருந்தால் மட்டும் இரண்டு விரல் நீளம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயிறு தெரியாமல் இருக்கத் தொளதொளவென்று போடுகிறேன். ஆனாலும் குண்டாகத் தெரிகிறேன். என்ன செய்வது?

அந்தத் தொளதொளப்புதான் காரணம். துணி மார்பின் எடுப்பான இடத்திலிருந்து நேராகக் கீழே விழும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு உடம்பு முழுவதும் அந்த அகலத்தில்தான் இருப்பதாகத் தோன்றும். உங்கள் உடம்பில் மெலிந்த ஓர் இடமாவது இருக்கும்: மார்புக்குக் கீழே, மணிக்கட்டு, கழுத்து, கணுக்கால். அங்கே மட்டும் உடை ஒட்டட்டும், மற்ற இடத்தில் லேசாக விலகட்டும். கையை முக்கால் நீளமாக்கி மணிக்கட்டு தெரியவிட்டாலே மாற்றம் புரியும். பாவாடையோ குர்த்தாவோ கெண்டைக்காலின் தடித்த இடத்தில் வந்து முடிந்தால் கால் குட்டையாகத் தெரியும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ முடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

துணியைக் குறுக்காக, 45 டிகிரி சாய்த்து வெட்டித் தைத்தால் அது உடம்பைப் பிடிக்காமல் வழிந்து விழும். பயஸ் கட் என்பார்கள். பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் மேடலின் வியோனே 1920-களில் இதை ஒரு கலையாகவே ஆக்கினார். துணி அதிகம் செலவாகும், தைக்கப் பொறுமை வேண்டும். ஆனால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், தெரியும்.

கேள்வி: நான்கு முறை துவைத்ததும் உடை பழசாகிவிடுகிறது. நல்ல துணியை எப்படிப் பார்த்து வாங்குவது?

வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெசவு ஒரே சீராக இருக்கிறதா, திட்டுத்திட்டாகத் தெரிகிறதா என்று புரிந்துவிடும். ஒரு ஓரத்தைக் கையில் கசக்கி அரை நிமிடம் கழித்து விடுங்கள். அந்தச் சுருக்கம் நிற்கிற அளவுக்குத்தான் உங்கள் உடை மாலையில் இருக்கும். லினன் என்றால் கசங்கத்தான் செய்யும், அதற்கு அதுவே அழகு.

உள்ளே இருக்கிற சீட்டைப் படியுங்கள். ரேயான், விஸ்கோஸ் இரண்டும் ஒரே குடும்பம். மென்மையாக விழும், ஆனால் நனைந்தால் வலு குறையும், சுருங்கும். அதை முறுக்கிப் பிழியாதீர்கள். பாலியஸ்டர் வியர்வையைக் குடிக்காது, வாடையும் அதில் தங்கும். பாலியஸ்டர் கலந்த பருத்தியில் உருண்டை உருண்டையாகப் பிசிறு நிற்கும், ஏனென்றால் பாலியஸ்டர் இழை அந்த உருண்டையை உதிரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பேன்ட்டில் இரண்டு சதவீதம் ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுபடும் இழை இருந்தால் உட்கார எழ வசதி. ஆனால் அதற்குச் சூடு ஆகாது. சுடுதண்ணீர், டிரையர் இரண்டிலும் போடாதீர்கள், முட்டி தொங்கிவிடும்.

கேள்வி: நரைமுடி எட்டிப் பார்க்கிறது, முன்பு எனக்கு எடுப்பாக இருந்த நிறங்களில் இப்போது முகம் சோர்ந்து தெரிகிறது. எனக்கு 39 வயது.

முடியின் கறுப்பு குறையும்போது முகத்தைச் சுற்றியுள்ள எடுப்பும் குறைகிறது. அதனால்தான் பழகிய நிறம் திடீரென்று கைவிட்ட மாதிரி இருக்கிறது. அந்த உடைகளைத் தூக்கிப்போட வேண்டாம், கழுத்துக்குக் கீழே தள்ளுங்கள். பிடித்த நிறத்தைப் பேன்ட்டாக வைத்துக்கொண்டு, முகத்துக்குப் பக்கத்தில் வேறு நிறம் வைக்கலாம்.

எந்த நிறம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, மேக்கப் இல்லாமல் துணிகளை ஒவ்வொன்றாகத் தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே உள்ள கருமை கூடினால் அது வேண்டாம். தூய வெள்ளை ஒத்துவராதவருக்குப் பால் வெள்ளை அழகாக அமையும். கடை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். அந்த ஒளியில் ஒன்று போலத் தெரிகிற இரண்டு நிறங்கள் வெயிலில் வேறு வேறாகிவிடும்.

கேள்வி: பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. கம்பீரமாகத் தெரிய வேண்டும், ஆனால் கோட் போட்டால் மூச்சு முட்டுகிறது.

வாழ்த்துகள்! கோட் கட்டாயமே இல்லை. நல்ல கனமுள்ள துணி, விறைப்பான காலர், இஸ்திரி போட்ட ஓரம், இந்த மூன்றும் கோட்டின் வேலையைச் செய்துவிடும். மேலும் கீழும் ஒரே நிறத்தில் போட்டுப் பாருங்கள், ஆளே உயரமாகத் தெரிவீர்கள். புடவை கட்டுபவர் என்றால் ரவிக்கையின் தோளும் கைக்குழியும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: அலமாரி நிறைய இருக்கிறது, போட எதுவும் இல்லை. எங்கே தொடங்குவது?

இரண்டு வாரம் எதுவும் வாங்காதீர்கள். தினமும் வெளியே கிளம்பும் முன் கண்ணாடி முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பதினான்கு படங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எதை மறுபடி மறுபடி எடுக்கிறீர்கள், எந்த நாளில் தோள் நிமிர்ந்து நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நன்றாக அமைந்த அந்த உடையைத் தரையில் விரித்து, தோள், மார்பு, இடுப்பு, நீளம் நான்கையும் அளந்து கைபேசியில் குறித்து வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது கையில் ஒரு அளவு நாடாவும் இருக்கட்டும்.