நீச்சல் தெரியாத நான் பாய்மரப் படகில் போகலாமா?

கேள்வி: அடுத்த ஆகஸ்டில் எங்களுக்கு 25-ஆவது திருமண நாள். கிரேக்கத் தீவுகளைப் பாய்மரப் படகில் சுற்றிவர வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. அதற்காகவே பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வாங்கிவிட்டார். ஏதென்ஸில் படகை வாடகைக்கு எடுத்து, மைக்கோனஸ், சான்டோரினி பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் திரும்புவதாகத் திட்டம். நாங்கள் இருவர் மட்டும்தான். எனக்கு நீச்சல் தெரியாது. அரை மணி நேரப் படகுச் சவாரியிலேயே வாந்தி எடுத்தவள் நான். ‘ஹோட்டலில் இருந்துகொள்கிறேன்’ என்று சொல்லிவிடலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, இரண்டும் வேண்டாம். திருமண நாளில் நீங்கள் கரையிலும் அவர் கடலிலும் இருப்பதற்கா இவ்வளவு தூரம் போவது? பல்லைக் கடித்துக்கொண்டு போவதோ அதைவிட ஆபத்து.

கேப்டன் இல்லாமல் படகை மட்டும் எடுப்பதானால், கிரேக்கத்தில் ஒருவரின் சான்றிதழ் போதாது. கடல் அனுபவமுள்ள இரண்டாவது ஆளும் படகில் இருக்க வேண்டும். அந்த ஆளிடம் சான்றிதழ் இல்லையென்றால், ‘எனக்கு அனுபவம் உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். நீங்கள் இருவர் மட்டும் போனால் அந்த இரண்டாவது ஆள் நீங்கள்தான். தயவுசெய்து அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் கால் இடறிக் கடலில் விழுந்தால், படகைத் திருப்பிக் கொண்டுவந்து அவரைத் தூக்க வேண்டிய பொறுப்பை அந்தக் கையெழுத்து உங்கள் தலையில் வைக்கிறது.

அடுத்தது காற்று. மைக்கோனஸும் சான்டோரினியும் இருப்பது ஏஜியன் கடலில். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே வடக்கிலிருந்து அடிக்கும் காற்றை மெல்டெமி என்பார்கள். நம் ஊர் வாடையின் திசைதான். ஆனால் பளிச்சென்ற வெயிலில், மேகமே இல்லாத வானத்தின் கீழ் அடிக்கும். புதியவர்கள் ஏமாறுவது இதனால்தான். நாள்கணக்கில் ஓயாது, மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. ஏதென்ஸிலிருந்து சான்டோரினி 100 கடல் மைலுக்கும் மேல். வாடகைப் படகு மணிக்கு ஐந்தாறு கடல் மைல் போகும். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், சுகமாகத்தான் இருக்கும். திரும்பும்போது அதே காற்றை முகத்தில் வாங்க வேண்டும். பாய்மரம் காற்றுக்கு நேர் எதிரே போகாது. இப்படியும் அப்படியும் சாய்ந்து, வளைந்து வளைந்துதான் முன்னேறும். சனிக்கிழமைக்குள் படகை ஒப்படைக்க வேண்டுமே என்ற கவலையில், துறையில் காத்திருக்க வேண்டிய நாளில் புறப்பட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. பட்ட பாட்டுக்குச் சான்டோரினியாவது இடம் கொடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. எரிமலை வாய்க்குள் புகுந்த கடல் அது. கரையை ஒட்டியே செங்குத்தாக ஆழம் இறங்குவதால் நங்கூரம் போட நல்ல இடம் கிடைப்பது அரிது.

நானும் என் கணவரும் ஓர் ஆகஸ்டில் பாரோஸ் தீவில் மூன்று நாள் படகைக் கட்டிப் போட்டுக் காத்திருந்தோம். இரவெல்லாம் கயிறுகள் கிறீச்சிடும் சத்தம். நான்காம் நாள் அவரே, ‘கப்பல் டிக்கெட் எடுத்துவிடுவோம்’ என்றார். அன்று எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

ஆகவே கடலை மாற்றுங்கள். கிரேக்கத்தின் மேற்கே அயோனியன் கடல் இருக்கிறது. அங்கே லெஃப்கடா தீவிலிருந்து புறப்படுங்கள். பாலத்தால் நிலப்பகுதியோடு இணைந்த தீவு அது. பிரெவேசா விமான நிலையத்திலிருந்து காரிலேயே போய்விடலாம். கோடையில் பெரும்பாலும் காலையில் கடல் அசையாமல் கிடக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று எழும்பி, பொழுது சாய்ந்ததும் அடங்கும். மெகானிசி, இதாக்கா, கெஃபலோனியா தீவின் வடமுனையில் உள்ள ஃபிஸ்கார்டோ என்ற சிற்றூர் எல்லாம் இரண்டு மூன்று மணி நேரத் தாவல்கள்தான். 1953 நிலநடுக்கத்தில் கெஃபலோனியாவின் பெரும்பகுதி இடிந்து விழுந்தபோது, ஃபிஸ்கார்டோவின் பழைய வீடுகள் தப்பி நின்றன. மாலையில் அந்த வீடுகளுக்கு எதிரே படகைக் கட்டிவிட்டு, இறங்கி நடந்தே சாப்பிடப் போகலாம். கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸ் பத்தாண்டு அலைந்து வீடு சேர்ந்த இதாக்கா, கால்வாய் போன்ற கடலுக்கு அந்தப் பக்கம் கண்ணெதிரே தெரியும்.

மாதத்தையும் மாற்றலாம். ஜூன் நல்லது, செப்டம்பர் முதல் பாதியில் கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். பிற்பகுதியில் புயல் பயம் உண்டு. 2020 செப்டம்பரில் இயானோஸ் புயல் இதே தீவுகளைத்தான் தாக்கியது.

கேப்டன் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். அவருக்குத் தனி அறையும் சாப்பாடும் நீங்கள் தர வேண்டும். தனிமை கொஞ்சம் குறையும், உண்மைதான். சில நிறுவனங்களில் முதல் இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் கேட்டுப் பெறலாம். தம்பதிகள் கடலில் சண்டை போடுவது புயலில் அல்ல, துறையில் படகைக் கட்டும்போதுதான். ஒருவர் முன்னால் நங்கூரத்தை இறக்க, மற்றவர் படகைப் பின்னோக்கிச் செலுத்தித் துறையோடு ஒட்ட வேண்டும். என்ஜின் இரைச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. கத்தியே ஆக வேண்டும், துறையே வேடிக்கை பார்க்கும். அந்த வேலையைக் கேப்டன் பக்கத்தில் நின்று உங்கள் கணவர் பழகட்டும்.

உங்களுக்குச் சில வார்த்தைகள். இன்றே நீச்சல் வகுப்பில் சேருங்கள். மிதக்கத் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். படகு ஓடும்போது உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள். குமட்டலுக்கு மருத்துவரிடம் மாத்திரை கேட்டு, படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஓடும் படகில் சமைக்கக் கீழே இறங்க வேண்டாம். மேலே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். முடிந்தால் சுக்கானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். காரில் போகும்போது ஓட்டுபவருக்குக் குமட்டுவதில்லை அல்லவா, அதே காரணம்தான்.

அவர் மனம் உடைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அவர் ஆசைப்பட்டது உங்களோடு கடலில் போவதற்கு. ‘வரமாட்டேன்’ என்று தொடங்காதீர்கள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வரைபடத்தை விரித்து, லெஃப்கடாமேல் விரலை வைத்து, ‘இங்கிருந்து கிளம்புவோமா?’ என்று கேளுங்கள்.