பெரிய வண்டியும் ஓ.டி. வட்டியும்

கேள்வி: திருப்பூர்ல பவர்டேபிள் (பனியன் தைக்கற) யூனிட் நடத்தறனுங்க. எல்லாம் போக மாசம் ஒன்றரை லட்சம் நிக்குது. பேங்க்ல ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) 15 லட்சம் இருக்கு, வட்டி 11%. இப்ப சின்ன பெட்ரோல் கார். ஊட்ல அஞ்சு பேரு. மச்சான் ஏழு சீட்டு டீசல் வண்டி எடுத்துட்டாருங்க, ஊட்லயும் கேக்கறாங்க. ஷோரூம் விலை 25 லட்சம், எல்லாம் சேத்து 31 ஆகுதுங்க. கையில 11 லட்சம் இருக்கு. மீதி 20 லட்சம் லோன், 9.5%, ஏழு வருசம். கம்பெனி பேர்ல எடுத்தா வரி மிச்சம்ங்கறாங்க. எடுக்கலாமுங்களா?

பதில்: இப்போது வேண்டாமுங்க.

20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 20%. அதுவே 5 லட்சம். இன்சூரன்ஸ், பதிவு சேர்த்தால் 31 லட்சத்துக்கு வந்துவிடும். 1% டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) தனியாகப் பிடிப்பார்கள், அதை ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

20 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 32,700. ஏழு வருடத்தில் வட்டி மட்டும் ஏழரை லட்சம். எல்லோரும் மறக்கிற கணக்கு அந்த 11 லட்சம்தான். அதை ஓ.டி.யில் கட்டினால் மாதம் 10,000 வட்டி குறையும். வண்டிக்குக் கொடுத்தால் அந்த 10,000 தொடர்ந்து போகும். மாதம் 1,200 கி.மீ. ஓட்டுவதாகவும், ஊருக்குள் லிட்டருக்கு 12 கி.மீ. கிடைப்பதாகவும், டீசல் 93 ரூபாய் என்றும் வைத்தால் 9,300. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயருக்கு 6,000 ஒதுக்குங்கள். மொத்தம் 58,000. உங்கள் சின்ன கார் குடிக்கிற பெட்ரோல் 6,800ஐக் கழித்தாலும் 51,000 கூடுதல். மைலேஜைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் இதில் எரிபொருள் வித்தியாசம் 2,500தான். ஆளை அமுக்குவது முடங்கிக் கிடக்கும் பணம்.

வரி மிச்சம் என்ற பேச்சைப் பாதிதான் நம்ப வேண்டும். 13 பேர் வரை ஏறும் பயணிகள் வண்டிக்கு, உங்களைப் போன்ற யூனிட்டுக்கு ஜி.எஸ்.டி. இன்புட் (கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்பக் கழித்துக்கொள்வது) கிடையாது. வருமான வரியில் தேய்மானம் 15% உண்டு. ஆனால் விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் உத்தேச முறையில் ரிட்டர்ன் போடுகிறீர்கள் என்றால் தேய்மானமும் லோன் வட்டியும் ஏற்கெனவே கழித்ததாகவே கருதுவார்கள். தனியாக ஒரு ரூபாய் குறையாது. ஆடிட்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

புகைக் கணக்கும் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு, பெட்ரோலுக்கு 2.31. மாதம் 100 லிட்டர் டீசல் என்றால் வருடத்துக்கு 3.2 டன், சின்ன கார் அதே தூரத்துக்கு 1.85 டன். நீங்கள் ஒருவர் யூனிட்டுக்குப் போய்வர இரண்டு டன் எடையை நகர்த்துவதன் விளைவு இது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நொய்யல் ஆற்றில் கழிவு விடாமல் சுத்திகரிக்கும் செலவு சாயக் கூலியில் ஏறியது உங்களுக்கே தெரியும். புகைக்கு இன்னும் யாரும் பில் போடவில்லை, அவ்வளவுதான்.

பி.எஸ்.6 (இப்போதைய புகை விதி) டீசல் வண்டியில் இன்னொரு தொல்லை. தினமும் மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் புகை வடிகட்டியில் சேரும் கரி எரிவதற்கு வேண்டிய சூடு ஏறாது. அடைப்பு விளக்கு எரிந்தால் அவினாசி ரோட்டில் நிறுத்தாமல் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். விளக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வடிகட்டியையே மாற்றச் சொல்வார்கள், சின்னச் செலவல்ல.

ஏழு சீட்டு உண்மையில் எத்தனை நாள் தேவை? பழனி, ஊட்டி, நோம்பிக்குச் சொந்த ஊர் என்று வருடம் பத்து நாள் வாடகை இன்னோவா எடுங்கள். நாளைக்கு 250 கி.மீ., கிலோமீட்டர் 20 ரூபாய், டிரைவர் பேட்டா 500 என்றால் வருடத்துக்கு 55,000. சொந்த வண்டியின் ஒரு மாதக் கூடுதல் செலவு அளவுதான். சின்ன கார் பழசாகிவிட்டதென்றால் நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் வண்டி பாருங்கள். 2025 செப்டம்பர் முதல் அதற்கு ஜி.எஸ்.டி. 18%, பெரிய வண்டிக்கு 40%. 10 லட்சத்துக்குள் என்றால் ஆயுள் வரியும் 13%தான்.

ஊட்டில் சமாதானமாகவில்லை என்றால் 11 லட்சத்தை ஓ.டி.யில் போட்டுவிட்டு, மாதம் 50,000 ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) ஆறு மாதம் கட்டிப் பாருங்கள். எக்ஸ்போர்ட்டர் பில் 90 நாள் தள்ளிப்போகிற மாதத்தில் ஆர்.டி. நின்றால் அபராதம் கொஞ்சம்தான். லோன் தவணை நின்றால் சிபில் மதிப்பெண் இறங்கி, அடுத்த ஓ.டி. புதுப்பிப்பில் வங்கி அதைத்தான் முதலில் கேட்கும்.