டிஆர் எண் கொண்ட நினைவு ரிவால்வர்: வரலாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாமா விட்டுச்சென்ற ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் (அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனம்) ரிவால்வரில் டெக்சாஸ் ரேஞ்சர் (அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் காவல் படை) பொறிப்பும் 'டிஆர்' (TR) என்று தொடங்கும் எண்ணும் இருப்பதாகச் சொல்லி, அதன் வரலாற்றைக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் குண்டு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் சிலிண்டரை, அதாவது குண்டுகள் போடும் உருளையை, வெளியே தள்ளி, அது மூடும் இடத்தில் சட்டத்தைப் பாருங்கள். அங்கே 19-3 என்ற மாடல் எண் அச்சிட்டிருந்தால், அது 1823இல் தொடங்கிய ரேஞ்சர் படையின் 150ஆம் ஆண்டுக்காக 1973இல் வந்த, .357 மேக்னம் வகைக் குண்டு போடும் நினைவுப் பதிப்பு.

மொத்தம் 10,000 தயாரித்தார்கள். அதனால் எண் டிஆர்1 முதல் டிஆர்10000க்குள் இருக்க வேண்டும். பெரும்பாலானவை போவி கத்தியோடு (பெரிய வேட்டைக் கத்தி) மரப்பெட்டியில் விற்கப்பட்டவை. பெட்டி, கத்தி, அட்டைகள் எதையும் பிரித்து விற்றுவிடாதீர்கள்; சேகரிப்பாளர்களுக்கு அந்த முழுத் தொகுப்புதான் முக்கியம்.

சரி, உங்கள் துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து எந்தக் கடைக்குப் போனது என்பதை அறிய, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்கு எண்ணும் படங்களும் அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். அனுப்பிய தேதியும் முதலில் பெற்ற கடையும் அதில் இருக்கும். கடைக்குப் பிறகு யார் வாங்கினார் என்பது அதில் வராது. அதற்கு மாமா வைத்திருந்த பழைய ரசீதுகளைத் தேடுங்கள். பாலிஷ் போடவே வேண்டாம், சிலிண்டரைச் சும்மா சுழற்றவும் வேண்டாம். அதனால் விழும் மெல்லிய கோடுகூட மதிப்பைக் குறைக்கும்.