சாவா மூவாப் பேராடும் 42,000 வெள்ளியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பேராசிரியர் காலமாகி வருகிற மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. நாங்கள் 14 பேர் அவரிடம் இரவு வகுப்பில் தமிழ் இலக்கியம் படித்தவர்கள். பகலில் வேலை, வாரத்தில் மூன்று நாள் ஏழு மணிக்கு வகுப்பு. சாப்பிடாமல் ஓடி வருகிறோம் என்று தெரிந்து, மேசையில் பன் வாங்கி வைத்திருப்பார். அவர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோருமாகச் சேர்த்ததில் 42,000 வெள்ளி வந்திருக்கிறது. இப்போதுதான் சண்டை ஆரம்பம். பாதிப் பேர், தமிழில் முதலாவதாக வருகிறவருக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கலாம் என்கிறார்கள். மீதிப் பேர், முதலைத் தொடாமல் அதன் வருமானத்தில் என்றென்றும் நடக்கிற உபகாரச் சம்பளம் வேண்டும் என்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. உங்கள் கருத்து என்ன?

பெயர் வெளியிட வேண்டாம்,
ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

‘என்றென்றும்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோயில் கல்வெட்டுகள்தான் ஞாபகம் வந்தன. சோழர் காலத்தில் ஒருவர் தம் பெயரில் கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று நினைத்தால் பெரும்பாலும் 96 ஆடு கொடுப்பார். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழியும், குட்டி வளரும், எண்ணிக்கை மட்டும் குறையாது. அதனால்தான் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டினார்கள். சாகாத, மூப்படையாத ஆடு! பல்கலைக்கழகங்கள் இன்று அறக்கட்டளை நிதி என்று வைத்திருப்பதும் அதே மந்தைதான். முதலைத் தொடமாட்டார்கள், அது ஈட்டுவதில் ஒரு பங்கைச் செலவு செய்வார்கள்.

சரி, உங்கள் மந்தையை எண்ணிப் பார்ப்போம். இப்படிப்பட்ட நிதிகளிலிருந்து ஆண்டுக்கு நான்கு விழுக்காடு எடுப்பார்கள் என்று வைத்துக்கொண்டால் 42,000 வெள்ளிக்கு 1,680 வெள்ளி. மாதத்துக்கு 140. அரசாங்கம் தன் பங்குக்கு அதே அளவு பணம் போட்டு அது இரு மடங்கானாலும் 280. இரவு வகுப்பு மாணவருக்கு எம்ஆர்டி ரயில் செலவும் கோப்பிக்கடைச் சாப்பாடும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். உழக்கு நெய்க்கு 96 ஆடு வேண்டும், உங்களிடம் பத்துப் பன்னிரண்டுகூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மாணவனாக இருந்தபோது எனக்கும் ஒரு நினைவுப் பரிசு கிடைத்தது. மேடையில் பெயரை வாசித்தார்கள், கைகுலுக்கினேன், படம் எடுத்தார்கள். அது யார் பெயரிலான பரிசு என்று இன்று கேட்டால் சான்றிதழைத் தேடி எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் எப்படிப்பட்டவர், என்ன படித்தார், யாருக்குப் பாடம் எடுத்தார், ஒன்றும் தெரியாது. எனக்குச் சொல்ல அன்று அங்கே அவரைத் தெரிந்த ஒருவரும் இல்லை. அவருக்குப் பணம் போட்டவர்களும் ‘என்றென்றும்’ என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதனால் உங்கள் இரண்டு கட்சியிலும் நான் சேரவில்லை. முதலோடு சேர்த்துச் செலவழித்துவிடுங்கள். ஆண்டுக்கு 6,000 வெள்ளி, இரண்டு மாணவர்களுக்குத் தலா 3,000. ஏழு ஆண்டில் பணம் தீர்ந்துவிடும். நீங்கள் 14 பேர். ஒவ்வோர் ஆண்டும் உங்களில் இருவர் அந்த இரண்டு மாணவர்களைத் தேக்காவில் ஒரு கடையில் உட்காரவைத்துச் சோறு வாங்கிக் கொடுத்து, அவரைப் பற்றிப் பேசுங்கள். ஏழாவது ஆண்டு முடியும்போது 14 பேருக்கும் ஒரு முறை வந்திருக்கும், அவரைத் தெரிந்துகொண்ட புதியவர்களும் 14 பேர் இருப்பார்கள். (கணக்கு இவ்வளவு அழகாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்தேன்.)

தீர்ந்துபோகிற நிதி மரியாதைக் குறைவு என்று உங்கள் நண்பர்கள் சொல்லலாம். 1950களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வந்தபோது, அதில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதில் எழுதி எழுதி வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். உழைக்கிற ஜனங்கள் கொடுத்த பணம். வட்டிக்கு விட அல்ல, புத்தகம் வாங்க. அந்தத் துறை பிறகு கோலாலம்பூருக்குப் போய்விட்டது. அந்த வசூலின் கதையை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பதக்கத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். முதலாவதாக வருகிறவருக்கு எப்படியும் நாலு பேர் கொடுப்பார்கள். பசியோடு வந்தவர்களுக்குப் பன் வாங்கி வைத்தவர் உங்கள் பேராசிரியர். அவர் பெயரில் கொடுப்பது மதிப்பெண் பார்க்கிற உபகாரச் சம்பளமாக இருப்பதைவிட, தேவை பார்க்கிற உதவித்தொகையாக இருக்கட்டும்: மதிப்பெண் சுமார், ஆனால் தேர்வு வாரத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாவது உட்கார்ந்து படிக்கிறவருக்கு. அதற்கு மேல் நிபந்தனை போடாதீர்கள். கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், மேடை வேண்டாம்.

நடைமுறை விஷயம் கொஞ்சம். யாரோ ஒருவர் வங்கிக் கணக்கில் இந்தப் பணம் கிடந்தால் நட்பு கெடும். சொந்தமாக அறநிறுவனம் தொடங்கப் போனால் பதிவு, கணக்கு, ஆண்டறிக்கை என்று மூச்சு வாங்கும். ஐபிசி தகுதி (பொது நன்மைக்கான அமைப்பு என்ற அங்கீகாரம்) உள்ள ஒரு நிறுவனத்திடம், நன்கொடை ஏழு ஆண்டில் செலவழிந்து முடிய வேண்டும் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே கொடுக்கிற தொகைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு: 3,000 கொடுத்தவருக்கு வரி விதிக்கும் வருமானத்தில் 7,500 குறையும். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் குழு. உங்கள் சொந்தக்காரப் பிள்ளைக்கு வேண்டும் என்று கேட்க முடியாது. அதுவும் நல்லதுதான்.

ஒரே ஒரு சந்தேகம். பன் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். காயா பன்னா, சார்டின் பன்னா? முதல் ஆண்டுச் சாப்பாட்டில் அந்தப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். உங்கள் 14 பேரும் ஒத்துக்கொள்கிற பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.