எம்.எஸ்சி. நர்சிங்: பாதியில் கல்லூரி மாறலாமா? சான்றிதழைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. நர்சிங் முதலாமாண்டு படிக்கிறேன். குழந்தைகள் நலப் பிரிவு. கணவருக்கு பெங்களூருவில் வேலை. அங்குள்ள ஒரு கல்லூரியில், “சீட் இருக்கிறது, டி.சி. வாங்கிக்கொண்டு வாருங்கள், நேராக இரண்டாமாண்டில் சேர்த்துக்கொள்கிறோம், மகப்பேறு பிரிவுக்கும் மாற்றித் தருகிறோம்” என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். இங்கேயோ, இரண்டாமாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி.யும் அசல் சான்றிதழ்களும் கிடைக்கும் என்கிறார்கள். சேரும்போது முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இன்னொரு பயமும் உண்டு. சேர்க்கைக்காக நான் கொடுத்த 14 மாத அனுபவச் சான்றிதழில் முதல் 3 மாதம் நர்சிங் கவுன்சில் பதிவுக்கு முந்தையது. நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று. பெங்களூரு கல்லூரிக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இங்கே டி.சி.யும் கேட்காதீர்கள். டி.சி. வாங்கிய மறுநாளே கோவைக் கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்காது. மாற்றத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால் இரண்டு இடத்திலும் நீங்கள் மாணவி இல்லை. இதுபோன்ற வழக்குகளில் நீதிமன்றத்தால் சரிசெய்ய முடியாத சேதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

கல்லூரி மாறுவது மாணவரின் உரிமை அல்ல. விதி இடம் கொடுத்தால், உரிய அதிகாரம் உள்ளவர் அனுமதித்தால் கிடைக்கும் சலுகை அது. அந்த அதிகாரம் பெங்களூரு கல்லூரி முதல்வரிடம் இல்லை. உங்கள் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடும், அந்தக் கல்லூரி ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடும் இணைந்திருக்கும். இரண்டு பல்கலைக்கழகங்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் இரண்டாமாண்டுச் சேர்க்கை செல்லும். அங்கே அதே பிரிவில், இந்திய நர்சிங் கவுன்சில் விதிமுறைப்படி அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் காலியிடமும் இருக்க வேண்டும். ‘மேனேஜ்மென்ட் சீட்’ என்று சொல்லி எண்ணிக்கைக்கு மேல் சேர்த்தால், இறுதியாண்டு ஹால் டிக்கெட் வரும் நேரத்தில்தான் உண்மை தெரியவரும்.

பிரிவை மாற்றித் தருகிறோம் என்று சொன்னார்களே, அந்தக் கல்லூரியின் மற்ற வாக்குறுதிகளையும் எடைபோட அதுவே போதும். இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டப்படி முதலாமாண்டில் சிறப்புப் பாடம்-1க்கு 150 மணி நேர வகுப்பும் 650 மணி நேரச் செய்முறையும் உண்டு. இரண்டாமாண்டில் அதே பிரிவில் சிறப்புப் பாடம்-2. அதற்கு 150 மணி நேர வகுப்பும் 950 மணி நேரச் செய்முறையும். குழந்தைகள் வார்டில் செய்த 650 மணி நேரத்தை யாராலும் பிரசவ வார்டுக் கணக்கில் எழுத முடியாது. எழுதினால் அது பொய்ப் பதிவு. மகப்பேறு பிரிவுதான் வேண்டுமென்றால் முதலாமாண்டிலிருந்து புதிதாகச் சேர வேண்டும். அப்படிச் செய்வதானால் டி.சி., மைக்ரேஷன் சான்றிதழ் (பல்கலைக்கழகம் மாறுவதற்கானது), புதிய பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழ் எல்லாம் தேவைப்படும். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்கி, கர்நாடக கவுன்சிலில் பதிவு பெறும் வேலையும் சேரும். ஓராண்டு போகும், ஆனால் சட்டப்படி சுத்தமான வழி.

அதே பிரிவில் மாற்றம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. முதலாமாண்டுத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, இரண்டாமாண்டு தொடங்கும் முன் விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் உங்கள் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் போக வேண்டும். இரண்டு கல்லூரிகளின் தடையில்லாச் சான்று, வருகைச் சான்று, அகமதிப்பெண் பட்டியல், முதலாமாண்டு மதிப்பெண் பட்டியல், கணவரின் பணிச்சான்று, திருமணப் பதிவுச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். காரணத்தை ஆவணத்தோடு சொல்லுங்கள். ‘குடும்பச் சூழ்நிலை’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு மதிப்பில்லை. உத்தரவு வரும்வரை ஒரு நாளும் வகுப்பைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் வகுப்புக்கும் செய்முறைக்கும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். விடுப்புக்கான காரணம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது என்று விதியிலேயே இருக்கிறது. மருத்துவச் சான்று கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். போதாததற்கு, பட்டம் பெறும் முன் செய்முறைக் களங்களில் 100 சதவீத வருகையை நிறைவு செய்தாக வேண்டும்.

மாற்றம் மறுக்கப்பட்டால் படிப்பை விட்டுவிட வேண்டியதில்லை. இரண்டாண்டுப் படிப்பை முடிக்க அதிகபட்சம் 4 ஆண்டுகள் அவகாசம் உண்டு. முதலாமாண்டை முடித்துவிட்டு, கல்லூரிக்கு எழுத்தில் தெரிவித்து ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ (படிப்பில் இடைவெளி) எடுத்து, பல்கலைக்கழக அனுமதியோடு அதே கல்லூரியில் திரும்பச் சேரலாம். உங்கள் நிலையில் எனக்குப் பிடித்த வழி இதுதான். எழுதிக் கொடுக்காமல் நின்றுவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். பிறகு அதை விளக்குவது பெரும்பாடு.

இனி சான்றிதழ்கள். இதில் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்க முடியாது, அது அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. இந்த நிலைப்பாடு மிகவும் நியாயமானது. பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கவுன்சில் பதிவுச் சான்றிதழும் இல்லாமல் ஒரு நர்ஸால் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலைக்குப் போக முடியாது. அவற்றைப் பிடித்து வைப்பது அவர் பிழைப்பையே பிடித்து வைப்பதாகும்.

நடைமுறை இப்படி. கொடுத்த ஒவ்வொரு சான்றிதழின் பெயரையும் எண்ணையும் எழுதி, 15 நாளுக்குள் திருப்பித் தரும்படி முதல்வருக்குக் கடிதம் எழுதுங்கள். நேரில் கொடுத்தால் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா விவரத்தை அச்செடுத்து வையுங்கள். பதிவாளருக்கு ஒரு நகல். இந்தக் கடிதத்தில் டி.சி., கட்டணம் பற்றி ஒரு வரியும் வேண்டாம். சான்றிதழைக் கேட்க நீங்கள் கல்லூரியை விட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை. பதில் வராவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பு. அதன்பிறகு அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. கோவை மாவட்டம் சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருகிறது, மதுரைக் கிளைக்குப் போக வேண்டாம். பல்கலைக்கழகத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று யாராவது சொல்லலாம். கல்வி நிறுவனம் ‘சேவை’ வழங்குபவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் சொன்னதைக் காட்டி எதிர்த்தரப்பு ஆரம்பத்திலேயே முட்டுக்கட்டை போடும். அந்த வழியில் காலத்தை இழக்காதீர்கள்.

கட்டண விஷயத்தில் உங்கள் நிலை அவ்வளவு பலமானதல்ல. மானியக் குழுவின் அதே 2018 அறிவிக்கைப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டிவிட்டால் பணம் திரும்பாது. எனவே முதலாமாண்டுக் கட்டணத்தை மறந்துவிடுங்கள். இரண்டாமாண்டுக் கட்டணம் வேறு. இஸ்லாமிக் அகாடமி வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம், ஒரு நேரத்தில் ஓராண்டுக்கோ ஒரு செமஸ்டருக்கோ மட்டுமே கட்டணம் வாங்கலாம் என்றது. ஆனால் மாணவர் பாதியில் போய்விடுவார் என்று கல்லூரி கருதினால், மீதிக் கட்டணத்துக்கு உறுதிப்பத்திரமோ வங்கி உத்தரவாதமோ பெறலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட முத்திரைத்தாள் அந்த வகையாக இருக்கலாம். அதன் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது செல்லுபடியாகும் பத்திரமாகவே இருந்தாலும், கல்லூரி சிவில் வழக்கு போட்டுத்தான் பணம் கேட்க முடியும். ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். நடுவில் காலியான எம்.எஸ்சி. இடத்தை நிரப்ப முடியாது என்பதால் கல்லூரிக்கு உண்மையான நஷ்டம் உண்டு. ஆகவே விலகத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு தொகைக்குப் பேசி முடிப்பது நல்லது. ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற வாசகத்தோடு ரசீது வாங்குங்கள்.

கடைசியாக அனுபவச் சான்றிதழ். எம்.எஸ்சி. சேர பி.எஸ்சி. நர்சிங்கில் 55 சதவீத மதிப்பெண், பதிவு பெற்ற நர்ஸ் மற்றும் மிட்வைஃப் தகுதி, பி.எஸ்சி.க்குப் பிறகு ஓராண்டு அனுபவம் ஆகியவை வேண்டும். ‘பி.எஸ்சி.க்குப் பிறகு’ என்ற வாசகத்தை அப்படியே எடுத்தால் உங்களுக்கு 14 மாதம் இருக்கிறது. பதிவில்லாமல் பார்த்த நர்ஸ் வேலையை அனுபவமாக ஏற்க முடியாது என்று ஒரு அதிகாரி சொன்னால் அது 11 மாதமாகிவிடும். நீங்கள் தேதிகளை மறைக்கவில்லை, கல்லூரி பார்த்துத்தான் சேர்த்தது. சரிபார்க்க வாய்ப்பிருந்தும் தேர்வெழுத அனுமதித்துவிட்டு, மாணவர் மோசடி ஏதும் செய்யாத நிலையில், பிற்பாடு பழைய குறையைக் காட்டித் தேர்வை ரத்து செய்ய முடியாது என்ற ஸ்ரீகிருஷண் எதிர் குருக்ஷேத்ரா பல்கலைக்கழகம் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு (1975) கோவையில் தொடரும்வரை உங்களுக்குத் துணை நிற்கும். பெங்களூரு போனால் நிலை வேறு: புதிய பல்கலைக்கழகம் உங்கள் தகுதியை முதலிலிருந்து ஆராயும், இந்தத் தீர்ப்பு அவர்களைக் கட்டுப்படுத்தும் என்று வாதிடுவது கடினம். தேதியைத் திருத்திப் புதுச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இன்று வாதாடக்கூடிய சிறு குறையாக இருப்பது, அந்தக் காகிதத்தைக் கொடுத்த நிமிடம் போலி ஆவணக் குற்றமாகிவிடும்.