கோப்பு முறைமைச் சோதனையில் ஆதரவற்ற சிஸ்டம் கால்களை எப்படிக் கண்டறிவது?

பழைய கெர்னலில் (இயக்க முறைமையின் மையப் பகுதி) ஓட்டும்போது, கோப்பு முறைமையில் பிழை ஏதும் இல்லாமலே சோதனை தோல்வி காட்டுகிறது என்றும், கெர்னல் பதிப்பு எண்ணைப் பார்த்து அதைத் தவிர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதிப்பு எண்ணை நம்ப வேண்டாம். லினக்ஸ் விநியோக நிறுவனங்கள் புதிய வசதிகளைப் பழைய கெர்னலிலும் சேர்த்துவிடுவது உண்டு.

நம்பகமான வழி, சோதனை தொடங்குமுன் அந்தச் சிஸ்டம் காலை (கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் அழைப்பு) ஒருமுறை அழைத்துப் பார்ப்பதுதான். கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் எஃப்எஸ்எக்ஸ் (fsx) கருவி அப்படித்தான் செய்கிறது: சோதிக்கவிருக்கும் கோப்பின் மீதே ஃபாலோகேட்டை (fallocate, கோப்புக்கு இடம் ஒதுக்கும் சிஸ்டம் கால்) அதன் ஒவ்வொரு செயல்வகையிலும் (mode) ஒரு பைட்டுக்கு அழைத்து, ஆதரவில்லை என்று விடை வந்தால் அந்தச் செயலை மட்டும் அணைத்துவிட்டு மற்றவற்றைத் தொடர்கிறது. வேறொரு கோப்பு முறைமையில் உள்ள தற்காலிகக் கோப்பில் சோதித்தால் விடை பொருளற்றது.

அழைப்பு தோற்கும்போது கிடைக்கும் பிழை எண்ணைப் படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். லினக்ஸ் எக்ஸ்86 கணினிகளில் 38 (ஈநோசிஸ், ENOSYS) வந்தால் கெர்னலுக்கு அந்தச் சிஸ்டம் காலே தெரியாது. 95 (ஈஆப்நாட்சப், EOPNOTSUPP) வந்தால் சிஸ்டம் கால் இருக்கிறது, ஆனால் இந்தக் கோப்பு முறைமை அதை ஏற்கவில்லை. 22 (ஈஇன்வால், EINVAL) சங்கடமானது: கோப்பின் பெயரை மாற்றும் ரீநேம்அட்2 (renameat2) தனக்குத் தெரியாத கொடிக்கும் (flag, கூடுதல் விருப்பக் குறி) அதையே தருகிறது, நாம் தவறான மதிப்பைக் கொடுத்தாலும் அதையே தருகிறது. ஆகவே, சரியென்று உறுதியான மதிப்புகளோடு அழைத்தபின் மட்டுமே அதை ஆதரவின்மை என்று கொள்ளலாம். கன்டெய்னருக்குள் (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழல்), சிஸ்டம் கால்களைக் கட்டுப்படுத்தும் செக்காம்ப் (seccomp) வடிகட்டி தடுத்தால் 1 (ஈபெர்ம், EPERM) வரக்கூடும்.

ஃபாலோகேட்டுக்குப் பதிலாக, போசிக்ஸ்_ஃபாலோகேட் (posix_fallocate) என்ற நூலகச் செயற்கூற்றைக் கொண்டு சோதிக்காதீர்கள். ஆதரவு இல்லாதபோது ஜிலிப்சி (glibc, லினக்ஸின் சி மொழி நூலகம்) தானே பைட்டுகளை எழுதி ஈடுகட்டி, வெற்றி என்று சொல்லிவிடும்.